முதல் ஒயின் விற்றுத் தீர்ந்ததா? இரட்டிப்பாக்கும் முன் கணக்கைப் பாருங்கள்

இந்த மாதமும் ஒரு பெண் வந்திருந்தார். மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்ட மேஸ்திரி. மகள் ஒரு பெரிய ஒயினரியில் (ஒயின் ஆலையில்) குழாய் கழுவும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக உதவி ஒயின்மேக்கர் வரை வந்தவர். அப்புறம் சொந்தமாக ஒரு ஒயின் பிராண்டு தொடங்கினார். ஒயின் அருமை, அதில் சந்தேகமே இல்லை. முதல் வருடத்து ஒயின் ஒரு பாட்டில் மிச்சமில்லாமல் விற்றுவிட்டது. இன்றைக்கு அவர் பழம் கொடுத்தவருக்கு பாக்கி, பேரல் (மரப்பீப்பாய்) கம்பெனிக்கு பாக்கி, வரித்துறைக்கும் பாக்கி. அடுத்த பாட்டிலிங்குக்குக் கையில் பணம் இல்லை.

கலிஃபோர்னியாவில் சிறு ஒயின் பிராண்டுகளுக்குக் கணக்கு பார்ப்பது என் தொழில். இதே கதையைப் பெயர் மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. தமிழில் எழுதக் காரணமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கும் நம்மவர்கள் சிலர் இப்படிப்பட்ட சிறு பிராண்டுகளில் பங்காளிகளாகப் பணம் போடுகிறார்கள். ‘நல்லா விக்குதே, அடுத்த வருஷம் டபுள் பண்ணலாமே’ என்று தூண்டிவிடுவதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒயின் தொழிலுக்குத் தோட்டம் வேண்டும், மாளிகை மாதிரி ஒயினரி வேண்டும் என்று நினைக்காதீர்கள். பழத்தை விவசாயியிடம் டன் கணக்கில் வாங்கலாம். கஸ்டம் க்ரஷ் என்ற இடங்களில் கூலி கொடுத்து அரைத்து, புளிக்கவைத்து, பேரலில் வைக்கலாம். அவரைப் போல நிலம் இல்லாத பெண்கள் உள்ளே வரும் வாசலே அதுதான். ஒயின் செய்வதைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. முதலாளியின் பெயர் போட்ட ஒயினைப் பல அறுவடைகளாகத் தங்கள் கையால் செய்தவர்கள் அவர்கள்.

சரி, விற்றுத் தீர்ந்தது என்றால் என்ன என்று பார்ப்போம். என்னிடம் வருகிற எல்லோரும் இதை லாபம் என்றே படிக்கிறார்கள். லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு, விற்றுத் தீர்வது வேறு. ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். எண்கள் என் கற்பனை, ஆனால் அளவு கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்.

5 டன் திராட்சை. ஒரு டன்னுக்குச் சுமார் 60 பெட்டி கிடைக்கும் என்று வைத்தால் 300 பெட்டி, அதாவது 3,600 பாட்டில். டன் 4,000 டாலர் என்றால் பழத்துக்கே 20,000. (நாபாவின் கேபர்னே சாவிஞான் ரகத் திராட்சை என்றால் சராசரி விலையே டன்னுக்கு 8,000 டாலரைத் தாண்டுகிறது, அந்தப் பக்கமே போகவில்லை.) அரைக்கும் கூலியும் சேர்த்து முதல் வருடம் 30,000. இரண்டாம் வருடம் பேரல், வாடகை, ஆய்வகம் என்று 8,000. பாட்டில், கார்க், லேபிள், பாட்டிலிங் கூலி 16,000. ஆக ஒரு அறுவடைக்கு 54,000 டாலர்.

2021 அக்டோபரில் அரைத்த சிவப்பு ஒயின் 2023 கோடையில் பாட்டிலுக்குப் போகும். 2024 வசந்தத்தில்தான் முதல் பாட்டிலை விற்பீர்கள். அதற்குள் இன்னும் இரண்டு அறுவடை வந்து போய்விட்டது. 2021-க்கு 54,000, 2022-க்கு இதுவரை 38,000, 2023-க்கு 30,000. ஒரு டாலர்கூட வரவில்லை, வெளியே போனது 1,22,000.

இப்போது விற்கிறீர்கள். பாட்டில் 40 டாலர். பாதியை நேரடியாக வாங்குபவர்களுக்கு, பாதியை டிஸ்ட்ரிபியூட்டருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் கொடுப்பது பெரும்பாலும் கடை விலையில் பாதிதான், 20 டாலர். நடுவில் அவருக்கும் கடைக்காரருக்கும் லாபம் வேண்டுமே. மொத்தம் 1,08,000 வரும். எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகும் போட்ட பணத்தைவிட 14,000 குறைவு. அதே ஆண்டு 2022 ஒயினைப் பாட்டிலில் அடைக்க வேண்டும், 2023 ஒயினைப் பேரலில் காக்க வேண்டும், 2024 பழத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். இன்னொரு 54,000. இதுதான் விற்றுத் தீர்ந்த வருடத்தின் உண்மை நிலவரம்.

இதே அளவில் நின்றால் போதும். அதற்குப் பிறகு ஆண்டுக்கு 54,000 போய் 1,08,000 வரும், விற்பனைச் செலவு போக மெல்ல மூச்சு விடலாம். ஆனால் நிற்க மாட்டார்கள்! சரியாக இந்த நேரத்தில் 10 டன்னுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். கூடுதல் 5 டன்னிலிருந்து முதல் டாலர் வர இன்னும் இரண்டரை வருடம் ஆகும். அதுவரை எந்தப் பணத்தில் ஓட்டுவது?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். முதல் 300 பெட்டியை யார் வாங்கினார்கள்? உடன் வேலை செய்தவர்கள், சர்ச் நண்பர்கள், சித்தப்பா பெரியப்பா குடும்பங்கள், அவரைச் சிறுவயதிலிருந்து தெரிந்த உணவகக்காரர். அன்பால் வாங்கினார்கள், வாங்கட்டும். அடுத்த வருடமும் வாங்குவார்கள், ஆனால் இரண்டு மடங்கு குடிக்க மாட்டார்கள். இரண்டாவது 300 பெட்டியை முன்பின் தெரியாதவர்களிடம் விற்க வேண்டும். அது வேறு தொழில்.

இத்தனைக்கும் மேல் வரி. பாட்டிலிலும் பேரலிலும் இருக்கும் ஒயின் கையிருப்பு. அதற்குச் செய்த செலவைப் பொதுவாக அந்த ஒயின் விற்கும் வருடத்தில்தான் கழிக்க முடியும். ஆகவே மேலே சொன்ன வருடத்தில் காகிதத்தில் 54,000 மொத்த லாபம் தெரியும், வங்கியில் ஒன்றும் இருக்காது. ஏப்ரலில் என்னைக் கூப்பிட்டு, ‘பணமே இல்லை, வரி எப்படி?’ என்று அழுகிறார்கள். தயவுசெய்து அக்டோபரில் கூப்பிடுங்கள்.

எல்லோரும் பயப்படும் கலால் வரியோ ஒன்றுமே இல்லை. 16 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள சாதாரண ஒயினுக்கு ஃபெடரல் வரி காலனுக்கு 1.07 டாலர். முதல் 30,000 காலனுக்கு 1 டாலர் சலுகை உண்டு. முழுச் சலுகையும் கிடைத்தால் 300 பெட்டிக்கு மொத்தமே சுமார் 50 டாலர்தான்.

இதே போல மெக்சிகோவிலிருந்து வந்து ஜெயித்தவர்களைப் பாருங்கள். ஹாலிஸ்கோ மாநிலத்தில் பிறந்து 1967-ல் 12 வயதில் நாபாவுக்கு வந்த அமேலியா மொரான் சேஹாவின் குடும்பம் 1983-ல் கார்னெரோஸ் என்ற திராட்சைப் பகுதியில் நிலம் வாங்கியது. ஒயினரி தொடங்கியது 1999-ல். இடைப்பட்ட 16 வருடத்தில் தோட்டம் போட்டு, பழத்தை மற்ற ஒயினரிகளுக்கு விற்றார்கள். 1968-ல் வந்த ரெய்னால்டோ ரோப்லேடோ சுவைக்கூடம் (வருபவர்கள் ஒயினைச் சுவைத்து வாங்கும் இடம்) திறந்தது 2003-ல். ரோலாண்டோ ஹெரேரா தன் மனைவி லோரேனாவோடு 1997-ல் மி சுவென்யோ ஒயினரியைத் தொடங்கியபோதும் வேறு ஒயினரிகளில் வேலை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்களுக்குத் திறமை குறைவு என்பதால் மெதுவாகப் போகவில்லை.

அதனால் வேலையை விடாதீர்கள். சம்பளம் வரட்டும். முதலாளியின் இடத்தில் உங்கள் ஒயினைச் செய்ய அனுமதித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். முதலாளி நல்லவர்தான், நாளைக்கு ஒயினரியை விற்றுவிட்டால் புதிதாக வருபவர் யார் என்று தெரியுமா?

பிராண்டின் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பாட்டியின் பெயரை லேபிளில் வைத்துவிட்டு, டிரேட்மார்க்கைப் பணம் போட்ட பங்காளியின் பேரில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிந்தபோது பாட்டியின் பெயரும் போனது. அதைக் கேட்டுவிட்டு அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

மாமா கொடுத்த கடனாக இருந்தாலும் காகிதத்தில் எழுதுங்கள். கடனா, பங்கா? எழுதாவிட்டால், வசதிப்படி இரண்டும் ஆகும்.

லேபிளுக்கு டிடிபி (மது லேபிள்களைப் பார்க்கும் ஃபெடரல் அலுவலகம்) ஒப்புதல் வரும் முன் அச்சகத்துக்குப் போகாதீர்கள். ‘நாபா பள்ளத்தாக்கு’ என்று போட்டால் 85 சதவீதம் அங்கே விளைந்த பழமாக இருக்க வேண்டும், அதோடு அறுவடை ஆண்டையும் போட்டால் 95 சதவீதம் அந்த ஆண்டுடையது. வீட்டில் செய்த ஒயினை விற்கவே கூடாது, ஒரு பாட்டில்கூட.

லைசென்ஸ் எடுக்கும்போது அதில் என்ன செய்ய முடியாது என்றும் கேளுங்கள். சொந்த ஒயினரி இல்லாதவர்கள் கலிஃபோர்னியாவில் வழக்கமாக எடுக்கும் 17 (மொத்த விற்பனை), 20 (சில்லறை விற்பனை) என்ற ஜோடி லைசென்ஸில் இணையம், தொலைபேசி, தபால் வழியாக விற்கலாம், சுவைக்கூடம் நடத்த முடியாது. பல மாநிலங்கள் வீட்டுக்கு ஒயின் அனுப்பும் அனுமதியை ஒயினரிகளுக்கு மட்டுமே கொடுக்கின்றன. ‘டெக்சாஸில் இருக்கும் அத்தைக்கு அனுப்பிவிடலாம்’ என்று திட்டம் போடும் முன் விசாரியுங்கள்.

பழ ஒப்பந்தத்தில் காட்டுத்தீப் புகை பற்றி ஒரு பிரிவு இருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் மின்னலால் எரிந்த காடு, செப்டம்பர் 27-ல் ‘கிளாஸ்’ என்று பெயரிட்ட காட்டுத்தீ. பழத்தில் புகை ஏறிவிட்டதா என்று பார்க்க ஆய்வகங்களில் வரிசை நீண்டு கிடந்தது. பயிர்க் காப்பீடு விவசாயியுடையது, வாங்கும் உங்களுக்கு அதில் ஒன்றும் வராது. எந்த அளவுக்கு மேல் இருந்தால் மறுக்கலாம், சோதனைச் செலவு யாருடையது, முடிவு வரும்வரை யார் காத்திருப்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். பணம் கொடுக்கத் தவறினால் அந்தப் பழத்தில் செய்த ஒயின் மீது கலிஃபோர்னியா சட்டம் விவசாயிக்கு உரிமை தருகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

விலை வைக்கும்போது எங்கள் வட்டாரத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: டன் விலையை நூறால் வகுத்தால் பாட்டில் விலை. டன் 4,000 என்றால் 40 டாலர். உங்கள் ஒயினை 25 டாலருக்குத்தான் விற்க முடியும் என்றால், 2,500 டாலர் பழத்தைத் தேடுங்கள். விலையைக் கூச்சப்பட்டுக் குறைக்காதீர்கள். குறிப்பாகப் பெண்கள் இதைச் செய்கிறார்கள், செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மிஞ்சினால் பாட்டிலில் அடைக்காமல் மொத்தமாக வேறு ஒயினரிக்கு விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2024-ல் பல தோட்டங்களில் பழத்தைப் பறிக்காமலே விட்டார்கள். சந்தையில் ஒயின் தேங்கிக் கிடக்கிறது. ஆனால் இந்த நிலைமை வாங்குபவருக்குச் சாதகம். ஏற்கெனவே 10 டன்னுக்குப் பேசிவிட்டீர்களா? அறுவடைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே விவசாயியைப் போய்ப் பாருங்கள். 5 டன் போதும், கொஞ்சம் விலை குறைத்து, பணத்தை இரண்டு தவணையாகத் தருகிறேன் என்று கேளுங்கள். பறிக்காமல் விடுவதைவிட அது மேல் என்று பலர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டதை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, எனக்கோ உங்கள் கணக்காளருக்கோ ஒரு பிரதி அனுப்புங்கள்.