வேட்டிக் கரையைக் கவ்வும் வாய்

நரிமேட்டில் இருக்கும் நண்பர் வீட்டுக்குச் சாயங்காலம் போனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் படியேற வேண்டும். 11 வார லாப்ரடார் குட்டி கரையைக் கவ்விக்கொண்டு தொங்கும். சக்கர நாற்காலியில் இருக்கும் அவருக்கு உதவி நாயாக வளர வேண்டிய குட்டி.

"மூக்குல ஒரு தட்டுத் தட்டுங்கண்ணே, அடங்கிரும்" என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி. அடங்கும்தான். ஆனால் நாளைக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துத் தரப்போவதும், ஃப்ரிட்ஜ் கதவில் கட்டிய கயிற்றை இழுக்கப்போவதும் அதே வாய். கையைக் கண்டாலே தலையை ஒதுக்குகிற நாய் அந்தக் கையில் சாவியைக் கொண்டுவந்து வைக்குமா?

சிப்பிப்பாறை நாய்க்கு ஓட்டம் எப்படியோ, லாப்ரடாருக்குக் கவ்வல் அப்படி. சுட்டு விழுந்த பறவையைச் சிதைக்காமல் எடுத்துவர, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த இனம் அது. கவ்வுவதை மறக்கடிக்க வேண்டியதில்லை. எதை, எவ்வளவு அழுத்தமாக என்பதைத்தான் பழக்க வேண்டும்.

அந்தப் பாடம் ஈன்ற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. குட்டிக்குத் தாடையில் வலு கிடையாது. 28 பால்பற்களோ ஊசி. கூடப் பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விலகிப்போகும், விளையாட்டு நின்றுவிடும். நாமும் அதையே செய்யலாம்: பல் தோலில் பட்டதும் கையை உதறாமல் அசைவை நிறுத்தி, எழுந்து, சில விநாடிகள் முகம் திருப்பிக்கொள்வது. திரும்பி வரும்போது கடிக்கத் தகுந்த கயிற்றை நீட்டுவது. 'ஆ'வென்று கத்தச் சொல்வார்கள். சில குட்டிகளுக்கு அந்தக் கீச்சுக்குரலே இன்னும் வெறியேற்றும்.

இதைக் கெடுப்பது பாசம். ஒன்பது முறை எல்லோரும் விலகி, பத்தாவது முறை பாட்டி சிரித்துக்கொண்டே விரலைக் கொடுத்தால், குட்டிக்கு அது லாட்டரிச் சீட்டு. எப்போதாவது பலன் கிடைக்கும் பழக்கம் லேசில் போகாது என்பதை உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. பலனை அடியோடு நிறுத்தினாலும் முதலில் கடி கூடலாம், பிறகுதான் குறையும். பலர் கைவிடுவது அந்தக் கூடுகிற நாளில்.

எல்லாவற்றையும்விட நண்பர் வீட்டில் கண்டறிந்த காரணம் தூக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். வருவோர் போவோரெல்லாம் கொஞ்ச எழுப்பினால்? தூக்கம் கெட்ட கைக்குழந்தை சிணுங்கும். தூக்கம் கெட்ட குட்டி கடிக்கும், கிறுக்குப் பிடித்தாற்போல் கூடத்தைச் சுற்றும். போதாததற்கு மதுரை மே மாத வெயில். நமக்குப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அந்த நேரத்தில் "இன்னும் ஓடவிட்டா களைச்சுப் படுத்துரும்" என்பது தப்புக் கணக்கு. ஏற்கெனவே ஏறிய கிளர்ச்சி மேலும் ஏறும். ஒரு மணி நேர விளையாட்டு, பிறகு திரைபோட்ட மூலையில் இரண்டு மணி நேரம் ஓய்வு என்று மாற்றினார்கள். சாயங்கால ஆட்டம் பாதியாகிவிட்டது.

தூண்டாமலே ஜமுக்காளத்தில் தானாகப் படுத்தால் சத்தமில்லாமல் ஒரு துண்டுத் தீனி வைப்பார் நண்பர். குதிப்பதைத் திட்டுவதைவிட, சும்மா இருப்பதற்குக் கூலி கொடுப்பது பலிக்கிறது.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும். 'குட்டிதானே' என்று ரேபிஸ் விட்டுவைக்காது.

இப்போது அதற்கு நாலு மாதம். போன வாரம் ஜமுக்காளத்தில் அரிசிபோல ஒரு பால்பல் கிடந்தது. ஈறு நமைச்சலுக்கு ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கிறார்கள். 42 பற்களும் முளைத்து முடிய இன்னும் இரண்டு மூன்று மாதமாகும். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் போகிறேன்.