மின் ஆளுமை என்னும் பிழை

அரசுச் சேவைகளை இணையத்துக்குக் கொண்டுவருவதற்கான தேசிய உத்தி என்று எந்த ஆவணம் தமிழில் வந்தாலும், முதல் பக்கத்திலேயே ‘மின் ஆளுமை’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆங்கில ‘இ-கவர்னன்ஸ்’ என்பதற்குத் தமிழாக்கமாம் அது. ‘மின் ஆளுமையை வலுப்படுத்துதல்’, ‘மின் ஆளுமையில் சிறந்து விளங்குதல்’, ‘மின் ஆளுமைப் பயிற்சி’ என்று அதன் கிளைகள் வேறு. இவற்றை முதன்முறை படிக்கும் ஒருவருக்கு அரசு அலுவலகமா நினைவுக்கு வரும்? தன்னம்பிக்கைப் பயிலரங்குதான் வரும். இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுப் புளித்த பிறகும் இந்தச் சொல்லோடு எனக்குச் சமாதானம் ஏற்படவில்லை.

மூலத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கவர்னன்ஸ் என்பதன் வேர் கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துவதைக் குறிக்கும் கிரேக்க வினை. அது லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் ‘நாட்டைச் செலுத்துதல்’ என்ற பொருளைப் பெற்றது. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராயும் தம் துறைக்குச் ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்று பெயர் வைத்ததும் அதே கிரேக்கச் சுக்கான்காரனிடமிருந்துதான். ஆக, ‘சைபர்’ குற்றமும் ‘கவர்னன்ஸ்’ திட்டமும் ஒரே வேரில் முளைத்தவை. கவர்னன்ஸ் என்ற சொல்லுக்கு இன்றைய செல்வாக்கு வந்தது 1989இல், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா குறித்து உலக வங்கி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு. யார் ஆட்சியில் இருக்கிறார் என்பதைவிட, முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். முன்னால் ‘எலக்ட்ரானிக்’கின் முதல் எழுத்தை ஒட்டினால் இ-கவர்னன்ஸ். 2006இல் இந்திய அரசு ஒப்புதல் தந்த தேசியத் திட்டத்தின் பெயரில் அது ஏறியது. தமிழில் ‘தேசிய மின் ஆளுமைத் திட்டம்’ ஆனது. அதிலிருந்து பிழைக்கு அரசு முத்திரையும் கிடைத்துவிட்டது.

இனி வழக்குக்கு வருவோம். ‘ஆள்’ என்ற வினையிலிருந்து ஆளுகை, ஆட்சி, ஆளுநர், ஆண்மை எல்லாம் பிறக்கின்றன. ‘கை’ விகுதி செயலைச் சொல்லும்: வருகை, அழுகை, செய்கை, தொழுகை. ‘மை’ பெரும்பாலும் பண்பைச் சொல்லும்: பெருமை, இளமை, செம்மை. ஆளும் செயல் ஆளுகை. ஆளும் தன்மை ஆளுமை. கவர்னன்ஸ் ஒரு செயல். இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஆளுமைக்கு வாதாடுபவர்கள் சும்மா இல்லை. தொழிற்பெயர் விகுதிகளுக்கு இலக்கணிகள் தரும் பட்டியலில் ‘மை’யும் உண்டே என்பார்கள். உண்டுதான். ஆனால் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். நடவாமை, வாராமை என்று எதிர்மறையில் வரும். வந்தமை, கூறியமை என்று காலம் காட்டும் வடிவத்தின் மேல் வரும். உடன்பாட்டு வினையடியோடு நேரே சேர்ந்து ‘இப்போது நடக்கும் செயல்’ என்ற பொருளைத் தருவது அதன் வேலை அன்று. ‘வருமை’, ‘செய்மை’ என்று யாராவது சொல்கிறார்களா? சேய்மை என்றொரு சொல் உண்டு, அது தூரம்.

அடுத்து மேலாண்மையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேளாண்மை, மேலாண்மை எல்லாம் செயலைத்தானே குறிக்கின்றன என்பார்கள். இந்த வாதத்தில் கொஞ்சம் சத்து இருக்கிறது, அதனால் நின்று பதில் சொல்ல வேண்டும். ஆள், மை இரண்டும் பழந்தமிழில் சேர்ந்தபோது ளகரம் ணகரமாகி ஆண்மை என்றாயிற்று. கேள், மை சேர்ந்து கேண்மை ஆனதுபோல. குறளில் வரும் ‘இல்லாண்மை’க்குத் தன் குடியை ஆளும் தன்மை என்று பொருள். ஆக, ஆளும் தன்மைக்கு மொழி ஏற்கெனவே ஒரு வடிவம் தந்திருக்கிறது. மேலாண்மை நிலைத்ததற்குக் காரணம், அந்த ஒட்டுச் சொல் முழுவதும் வேறு பொருளுக்குப் போகாமல் காலியாக இருந்ததுதான். ஆளுமை காலியாக இல்லை. பெர்சனாலிட்டி என்பதற்கு உளவியலும் இலக்கியமும் அதை எப்போதோ எடுத்துக்கொண்டன. ஆளுமை வளர்ச்சி, ஆளுமைக் கோளாறு, இசை ஆளுமை, பன்முக ஆளுமை என்று நாளும் எழுதுகிறோம். குடியிருக்கும் வீட்டையே இன்னொருவருக்கும் வாடகைக்கு விட்டதுபோல, அதே சொல்லைக் கவர்னன்ஸுக்கும் கொடுத்திருக்கிறோம்.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ‘சோழர் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி’ என்பதைச் ‘சோழர் ஆளுமைக்கு உட்பட்ட பகுதி’ என்று மாற்றிப் படியுங்கள். ஏதோ சோழ இளவரசரின் கம்பீரத்தில் ஊரே மயங்கிக் கிடந்ததுபோல் இருக்கிறது. விவிலியத் தமிழில் ‘ஆளுகை செய்தல்’ பழகிய தொடர். இலங்கையின் தமிழ் ஆவணங்களிலும் ‘ஆளுகை’ தடையின்றி வருகிறது. ஆளுகை புதிதாகச் செய்ய வேண்டிய சொல்லே அன்று. கையில் இருப்பதை விட்டுவிட்டோம். ‘மின்னாட்சி’ என்பாரும் உண்டு. அழகான சொல்தான். ஆனால் ஆட்சி என்றால் இன்று கட்சியும் தேர்தலும் உடன் வந்துவிடும். ஆட்சி மாறினாலும் மாறாமல் இருக்க வேண்டியவற்றைப் பற்றியல்லவா இங்கே பேச்சு?

மின் என்ற முன்னொட்டோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. மின்னஞ்சல் நிலைத்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: மின்னஞ்சலைச் சேர்த்து எழுதுகிறவர்கள் ‘மின் ஆளுமை’யைப் பிரித்து எழுதுவது ஏன்? தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். மின்னாளுகை என்றே எழுதலாம். பிரித்து எழுதுவதால்தான் ‘மின் சேவை’ என்ற பலகையைப் பார்த்து மின் கட்டணம் கட்டுமிடம் என்று மக்கள் நினைக்கிறார்கள். ‘இ-சேவை’ இன்னும் வேடிக்கை. தமிழில் இகரம் சுட்டெழுத்து. சேவைக்கு முன்னால் அது வந்தால் இலக்கணப்படி ‘இச்சேவை’, அதாவது இந்தச் சேவை. எந்தச் சேவை என்று கேட்டால் பதில் இல்லை.

இவ்வளவு அடம் எதற்கு, புரிந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: புரியவில்லை என்பதுதான் என் புகார். தேசிய உத்தி ஒன்றைத் தீட்டுகிறவர்கள் மூன்று வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அரசு தன் உள்வேலைக்குக் கணினியைப் பயன்படுத்துவது ஒன்று. குடிமகனுக்குச் சான்றிதழோ உரிமமோ கிடைப்பது இன்னொன்று. தகவல் யாருடையது, யார் பார்க்கலாம், தவறினால் யார் பொறுப்பு என்று விதி செய்வது மூன்றாவது. இதில் மூன்றாவதுதான் ஆளுகை. எஸ்டோனியா 2001இல் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கியது. துறைகள் தத்தம் தரவுத்தளங்களை வைத்துக்கொண்டே ஒன்றிடமிருந்து ஒன்று கேட்டு வாங்கலாம். தன் தகவலை எந்த அலுவலகம் எடுத்துப் பார்த்தது என்பதைக் குடிமகன் தானே பார்க்கலாம். ஒருமுறை தந்த விவரத்தை அரசு மறுபடி கேட்கக் கூடாது என்பது கொள்கை. இது ஆளுகை. பிரிட்டன் 2011இல் டிஜிட்டல் சேவைக்கென்றே ஓர் அரசுப் பிரிவை அமைத்து, துறைக்கொன்றாகச் சிதறிக் கிடந்த இணையதளங்களை ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தது, படிவங்களின் நடையை எளிமையாக்கியது. இது சேவை. இரண்டையும் ‘மின் ஆளுமை’ என்று ஒரே மூட்டையில் கட்டினால், படிவத்தைப் பி.டி.எஃப். ஆக்கி ஏற்றிவிட்டு ஆளுகை சீர்திருந்திவிட்டது என்று அறிக்கை எழுதலாம். எழுதுகிறார்கள்.

துறை சார்ந்தவர்கள் தங்கள் மொழியில் இந்த வேறுபாடுகளைக் கவனமாகக் காக்கிறார்கள். 2014இல் ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு டிஜிட்டல் அரசு உத்திகள் குறித்துத் தந்த பரிந்துரையில் மின்னரசும் டிஜிட்டல் அரசும் தனித்தனியே வரையறுக்கப்பட்டன: முன்னது நல்ல அரசுக்குக் கணினியைக் கருவியாக்குவது, பின்னது அரசை நவீனமாக்கும் வேலையிலேயே தொழில்நுட்பத்தைப் பிரிக்க முடியாத பகுதியாக்குவது. தமிழாக்கத்தில் மட்டும் எல்லாம் ஆளுமையாகிவிடுகின்றன.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் நொந்து பயனில்லை. பழைய கோப்பில் இருக்கும் சொல்லையே போடு என்று சொல்லும் மேலதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆனாலும் சிலவற்றை மன்னிக்க முடியவில்லை. ஸ்டேக்ஹோல்டர் என்பதற்குப் ‘பங்குதாரர்’ என்கிறார்கள். அது நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர். ஓய்வூதியத்துக்கு மனுப்போட்ட மூதாட்டி அரசின் பங்குதாரரா? ‘தொடர்புடையோர்’ என்றால் என்ன குறை? ஸ்ட்ராட்டஜிக்கு ‘வியூகம்’ என்று எழுதும்போது அது போர்க்களத்தில் படையை நிறுத்தும் அமைப்பு என்பது யாருக்கும் நினைவில்லை. பிறப்புச் சான்றிதழ் கேட்டு வருபவரை எதிர்த்தா படை நிற்கிறது? ‘மூலோபாயம்’ இலங்கையில் வேரூன்றிய சொல், அங்கே அதை அசைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு உபாயம் என்றால் தப்பிக்கும் வழி என்றே படும். உத்தி போதும். நூல் யாக்கும் முறைகளுக்குத் தொல்காப்பியமே 32 உத்தி சொல்கிறது. வடமொழி ‘யுக்தி’யின் தமிழ் வடிவம் அது என்பதால் தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். தொல்காப்பியத்தில் இடம்பிடித்த சொல்லை நான் வெளியே அனுப்பத் தயாரில்லை. டிஜிட்டலையும் அப்படியே விட்டுவிடுவேன். அதற்குத் தமிழில் செய்த ‘எண்ணிமம்’ நல்ல ஆக்கம், பழகினால் நிலைக்கும். இவற்றால் யாருக்கும் பொருள் தடுமாறுவதில்லை.

ஆவணத்தின் தலைப்புக்கு என் பரிந்துரை: ‘அரசின் டிஜிட்டல் சேவைகளுக்கான தேசிய உத்தி’. உள்ளே தரவு விதிகளும் பொறுப்புகளும் பேசும் அத்தியாயத்துக்கு ‘மின்னாளுகை’. தன்னம்பிக்கைப் பயிலரங்கு நடத்துகிறவர்கள் ஆளுமையைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.