பெஞ்ச்மார்க்: தரப்படுத்தல் அன்று, உரைகல்

சென்ற சனவரியில், மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் உள்ள எங்கள் கோவில் சங்க அலுவலகத்துக் கணினியைத் திறந்து தூசு துடைத்துக்கொண்டிருந்தபோது, உடனிருந்த மாணவன் தன் கைபேசியில் தமிழ்க் காணொளி ஒன்றை ஓடவிட்டான். கணினியின் வேகத்தைச் சோதிப்பது எப்படி என்பது அதன் பொருள். அதில் பேசியவர் மூச்சுக்கு மூச்சு 'தரப்படுத்தல் மென்பொருள்', 'தரப்படுத்தல் மதிப்பெண்' என்றார். "ஐயா, தரப்படுத்தினால் நம் கணினி வேகமாகிவிடுமா?" என்று அவன் கேட்டான். வீட்டில் கிரியோலும் பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமுமாக வளர்ந்து, வாரத்தில் சில மணி நேரமே தமிழ் படிக்கிற பிள்ளை. அவன் அச்சொல்லைச் சரியாகத்தான் புரிந்துகொண்டான். ஆக்கியவர்தாம் தவறாக ஆக்கியிருக்கிறார். பெஞ்ச்மார்க் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இந்தச் சொல்லைப் பலமுறை கண்டும் பேசாமல் கடந்திருக்கிறேன். அன்று அது முடியவில்லை.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு சிறியது. நில அளவையாளர்கள் கல்லிலோ சுவரிலோ கிடைக்கோடு ஒன்றை வெட்டுவார்கள். அதன்கீழ் ஓர் அம்புக்குறி இருக்கும். வெட்டிய கோட்டில் வளைந்த இரும்புத் துண்டைச் செருகினால், மட்டம் பார்க்கும் கோலை நிறுத்த அது ஒரு பலகைபோல் ஆகும். அந்தப் பலகைதான் பெஞ்ச். அதற்கான வெட்டுத்தான் மார்க். அவ்விடத்தின் உயரம் அறியப்பட்டிருப்பதால் பிற இடங்களின் உயரத்தை அதிலிருந்து கணக்கிடலாம். 'ஒப்பிட்டுப் பார்க்க உதவும் நிலையான அடையாளம்' என்ற பொருள் அங்கிருந்து பிற துறைகளுக்குப் பரவிக் கணினிக்கும் வந்து சேர்ந்தது.

கணினித் துறையில் அச்சொல் ஒரு பொருளோடு நிற்கவில்லை. ஒப்பிடப் பயன்படும் சோதனை நிரலும் பெஞ்ச்மார்க். அந்நிரலை ஓட்டிப் பார்ப்பதும் பெஞ்ச்மார்க். பேச்சுவழக்கில் கிடைக்கிற எண்ணும் பெஞ்ச்மார்க். தமிழில் ஒரு சொல் தேடுகிறவர் இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டே தேட வேண்டும்.

தரப்படுத்தல் என்பதன் குறை இங்கேதான் தொடங்குகிறது. தரப்படுத்துவது என்றால் ஒன்றைக் குறித்த தரத்துக்குக் கொண்டுவருவது, அல்லது தரவாரியாகப் பிரித்து அடுக்குவது. தேயிலையைத் தரப்படுத்துகிறார்கள், திருகாணியின் புரியைத் தரப்படுத்தியதால்தான் எங்கோ செய்த திருகாணி இங்கே பொருந்துகிறது. இலங்கையில் 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்டு, தமிழ் மாணவரின் இடங்களைக் குறைத்த மதிப்பெண் முறைக்கு இதே சொல்தான் பெயர். அங்குள்ள தமிழர் காதில் அது எவ்வளவு கசப்போடு விழும் என்பதைச் சொல் ஆக்கியவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதை விட்டுவிட்டாலும் பொருளே தலைகீழாக இருக்கிறது. தரப்படுத்தல் வேற்றுமையை ஒழிக்கிற வேலை. நாம் பேசுகிற சோதனையோ வேற்றுமையைக் காட்டுகிற வேலை. இரண்டு கணினிகளையும் ஒரே நிரலால் சோதித்தபின் அவை முன்பிருந்தபடியே இருக்கும்; எது வேகமானது என்பது மட்டும் நமக்குத் தெரியும். மாணவன் கேட்ட கேள்விக்கு 'ஆகாது' என்பதே விடை, ஆனால் தரப்படுத்தல் என்ற சொல் 'ஆகும்' என்று சொல்கிறது. மேலும், ஸ்டாண்டர்டைசேஷன் என்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல சொல் இது ஒன்றுதான். அதையும் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டால், 'தரப்படுத்தப்பட்ட தரப்படுத்தல் நிரல்' என்று எழுத வேண்டிய நாள் வரும். வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

செய்தித்தாள்கள் விரும்புகிற 'அளவுகோல்' இவ்வளவு கெடுதல் செய்வதில்லை. ஆயினும் அது ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்குகிறது: மாணவர் பெட்டியில் இருக்கும் கோலும் அதுதான், வரைபடத்தில் குறிக்கும் அளவுகோலும் அதுதான், தகுதி பார்க்கும் அடிப்படையும் அதுதான். கோல் நீளத்தை நேராக அளந்து எண்ணைச் சொல்லிவிடுகிறது. இன்னொரு பொருளோடு ஒப்பிட வேண்டிய தேவை அதற்கு இல்லை. 'மட்டக்குறி' நில அளவைக்கு மிகப் பொருத்தமான சொல். அங்கே அதுவே இருக்கட்டும். சுவரில் வெட்டிய குறியைக் கணினிக்குள் கொண்டுவந்தால், அதை 'ஓட்டுவது' எப்படி என்று கேட்பார்கள். பிரெஞ்சுக்காரர் மூலச்சொல்லைப் பெயர்க்கவே முயலவில்லை. எஞ்சினைத் தாங்கியில் ஏற்றி ஓட்டிப் பார்க்கும் தம் 'பான் தெஸே'யைக் கணினிக்கும் எடுத்துக்கொண்டார்கள். மொரீஷியஸில் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. நாமும் நம் பட்டறையில் தேடியிருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும்.

பொற்கொல்லர் பட்டறையில் கிடைப்பது உரைகல். கருங்கல்லில், மாற்று (பொன்னின் தூய்மை அளவு) தெரிந்த பொன் ஆணியால் ஒரு கோடு இழுப்பார்கள். பக்கத்தில், சோதிக்க வேண்டிய நகையை உரைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளின் நிறத்தையும், அமிலம் பட்டபின் எது எவ்வளவு நிற்கிறது என்பதையும் ஒப்பிட்டு நகையின் மாற்றைச் சொல்வார்கள். கல் எதையும் அளப்பதில்லை. இரண்டையும் ஒரே களத்தில் நிறுத்துகிறது. பெஞ்ச்மார்க் செய்வதும் இதையேதான். கணினி வேகத்தைச் சோதிக்கும் நிரல்களைத் தொகுப்பதற்காக 1988இல் தொடங்கப்பட்ட ஸ்பெக் அமைப்பு வெளியிட்ட முதல் சோதனைத் தொகுப்பில் வாக்ஸ் 11/780 என்ற பழைய கணினியை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். அக்கணினி ஒரு நிரலுக்கு எடுத்த நேரத்தைப் புதிய கணினி எடுத்த நேரத்தால் வகுத்தால் வருவது மதிப்பு. 10 என்றால் பத்து மடங்கு வேகம். நிரல்கள் கல், வாக்ஸ் ஆணி, புதிய கணினி நகை. இதைவிடத் துல்லியமாக உவமை பொருந்துவதை நான் கண்டதில்லை.

உவமையின் குறையும் பொருந்துகிறது என்பதுதான் வியப்பு. உரைகல்லில் தேய்வது மேற்பரப்பு மட்டுமே; முலாம் கனமாக இருந்தால் கல் ஏமாறும். 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய டிரைஸ்டோன் என்ற சோதனை நிரலுக்கும் அதுதான் நேர்ந்தது. நிரல்பெயர்ப்பிகள் (கம்பைலர்கள்) அச்சிறு நிரலுக்கு ஏற்பத் தீட்டப்பட்டதால், அன்றாட வேலையில் இல்லாத வேகம் எண்ணில் மட்டும் தெரிந்தது. சோதனை நிரலின் பெயரைக் கண்டுகொண்டு அப்போது மட்டும் முழு வேகத்தில் ஓடிய கைபேசிகளும் பிற்காலத்தில் பிடிபட்டன. (டிரைஸ்டோன் என்பது 1972இல் பிரித்தானியாவில் எழுதப்பட்ட வெட்ஸ்டோன் என்ற சோதனை நிரலின் பெயரை வைத்துச் செய்த சிலேடை: 'வெட்' ஈரம் என்றும் காதில் விழும், 'டிரை' என்றால் உலர்ந்தது. வெட்ஸ்டோன் என்றால் சாணைக்கல். ஆனால் அது ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பதால், ஆங்கிலேயரும் கல்லைத்தான் தேடினார்கள் என்று நான் வாதாடப் போவதில்லை.)

இலக்கிய ஆட்சி வேண்டுவோருக்குக் குறள் இருக்கிறது. 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்கிற 505ஆம் குறளில் கட்டளைக்கல் என்பது உரைகல்லேதான். ஒருவரது பெருமை சிறுமைகளுக்கு அவரவர் செயலே உரைகல் என்பது அதன் பொருள். கணினிச் சோதனையில் தேர்ந்தவர்களும், பொது நிரல் தரும் எண்ணைவிட நீங்கள் நாள்தோறும் செய்கிற வேலையை ஓட்டிப் பாருங்கள் என்றே சொல்கிறார்கள். இருந்தும் கட்டளைக்கல்லை நான் பரிந்துரைக்கவில்லை. கட்டளை என்பது கமாண்ட் என்ற பொருளில் கணினித் தமிழில் ஊன்றிவிட்டது. பழமைக்காக அதைக் கிளறினால் தரப்படுத்தல்காரர் செய்த தவற்றையே நானும் செய்தவன் ஆவேன்.

உரைகல்லுக்கும் ஒரு தடை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். கணினியில் உரை என்றால் எழுத்து வடிவம். உரைக்கோப்பு, உரைத்திருத்தி என்று புழங்குகிறோம். என் வகுப்பிலேயே ஒரு சிறுமி, கல்வெட்டு என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் 'நகையை உரைத்துப் பார்ப்பது' என்றதும் அந்த மயக்கம் தீர்ந்தது. போர்ட் லூயிஸ் நகைக்கடைக்குத் தாயோடு போய் நின்ற பிள்ளைக்கு அது கண்ட காட்சி. வினையும் தானாக வந்துவிடுகிறது: கணினியை உரைத்துப் பார்த்தேன், உரைத்த எண் இது. 'தரப்படுத்திப் பார்த்தேன்' என்பது தமிழ்க் காதுக்கு ஒட்டுகிறதா? மாற்று என்ற சொல்லையும் எண்ணுக்குக் கொண்டுவர ஆசைதான். அது இன்று ஆல்டர்நேட்டிவ் ஆகிவிட்டதால் விட்டுவிடுகிறேன். தூய்மைக்காக நான் சண்டையிடவில்லை. பெஞ்ச்மார்க் என்றே தமிழ் எழுத்தில் எழுதுகிறவரோடு எனக்கு வழக்கு இல்லை. அவர் யாரையும் தவறான இடத்துக்கு அனுப்புவதில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட 'தர' என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டு, பொருள் என்ன செய்கிறது என்று பாராமல் பெயர்ப்பவரோடுதான் வழக்கு. சரிசெய்தல் என்ற ஒரு சொல்லைப் பழுது தேடுவதற்கும், பழுது நீக்குவதற்கும், திரையின் ஒளியைக் கூட்டிக் குறைப்பதற்கும் வைப்பவரும் அவரே.

அன்றைய கணினிக்கு வருகிறேன். சினிபெஞ்ச் என்ற சோதனை நிரலின் ஆர்23 பதிப்பு தானாகவே பத்து நிமிடம் ஓடக்கூடியது. துடைப்பதற்கு முன் ஓட்டியபோது முதற்சுற்றில் வேகமாகத் தொடங்கிய செயலி (பிராசசர்), நூறு பாகை வெப்பத்தை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே கதியைக் குறைத்தது; இறுதி எண் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவாக வந்தது. விசிறியின் இதழ்களில் சாம்பிராணிப் புகையும் தூசும் சேர்ந்து பிசினாக அப்பியிருந்தன. அவற்றைச் சுரண்டி, காய்ந்து வெடித்திருந்த வெப்பப் பசையை மாற்றி, அதே அறையில், அதே பிற்பகலில் மறுபடி உரைத்துப் பார்த்தோம். எண் கடைசிவரை ஏறக்குறைய நிலையாக நின்றது. மாணவன் இரண்டு எண்களையும் தேதியையும் அறையின் வெப்பநிலையையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டினான். தலைப்புக்கு என்ன போடுவது என்று கேட்காமலே 'உரைத்த நாள்' என்று போட்டிருந்தான். இங்கே குளிர்காலமான ஜூலையில் ஒருமுறை உரைப்பதற்கு அடியில் ஒரு வரியும் விட்டிருந்தான்.