மதுரைக்குப் போன வண்டி

"ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றால் நல்லதுதானே?" காரைக்குடிப் பக்கம் எங்கே பேசப் போனாலும் இந்தக் கேள்வி வரும். வண்டி முதலில் போகவேண்டியது நோயாளி கிடக்கும் இடத்துக்கு. அதனால் அழைப்பு எங்கிருந்து, எந்த நேரத்தில் அதிகம் வருகிறது என்று பார்த்துத்தான் நிறுத்தும் இடத்தை முடிவு செய்வோம். இதற்கான கணித முறைகள் 1970-களிலிருந்தே உண்டு. இருக்கிற வண்டிகளை எங்கெங்கே நிறுத்தினால், குறித்த நிமிடங்களுக்குள் அதிகம் பேரை எட்டலாம் என்பதுதான் கணக்கு.

ஒரு வண்டி கிளம்பிப் போனதும் கணக்கு கலையும். தலைக்காயத்தோடு ஒருவரைக் காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள். போகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஒப்படைத்து, வண்டியைக் கழுவித் திரும்புவதற்குள் அரை நாள் ஓடிவிடும். அந்நேரம் பள்ளத்தூரில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால்? தேவகோட்டை வண்டியைக் கொஞ்சம் காரைக்குடிப் பக்கம் நகர்த்தி நிறுத்தத்தான் வேண்டும். "எங்க ஊர் வண்டியை ஏன் எடுக்கிறீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். அங்கேயே விட்டுவைத்தால் இன்னொரு பக்கம் மொத்தமாகக் காலி என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மாவட்ட எல்லையும் இப்படித்தான். கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம், திருமயம் புதுக்கோட்டை மாவட்டம். எது பக்கத்தில் நிற்கிறதோ அது போகவேண்டும், அவ்வளவுதான்.

தை மாதத்தில் எல்லாமே மாறும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டில் சாலையோரம் நடப்பார்கள், சிராவயலில் மஞ்சுவிரட்டு. அந்த நாட்களுக்கு நிறுத்தங்களும் வேறு.

சரி, வண்டி சீக்கிரமே ஊருக்குள் வந்துவிட்டது. அப்புறமும் நேரம் போகும். இங்கே பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பு பூட்டியே கிடக்கும்; தனியாக இருக்கும் ஆச்சி பின்கட்டில்தான் புழங்குவார். போனில் சொல்வதோ முகப்புத் தெருவின் பெயர்! ஓட்டுநர் பூட்டிய கதவின் முன் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். சுற்றி வர ஒரு தெரு முழுக்கப் போகவேண்டும்.

108-ஐ அழைத்ததும் எந்தத் தெருப் பக்கக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தப் பக்க விளக்கைப் போடுங்கள், ஆள் இருந்தால் தெருமுனைக்கு அனுப்புங்கள். இன்னொன்று: பல ஆச்சிகள் முதலில் கூப்பிடுவது சிங்கப்பூரில் இருக்கும் மகனைத்தான். அங்கிருந்து 108-ஐ அழைத்தால் நம்மூருக்கு வராது. ஆகவே, வெளிநாட்டுப் பிள்ளைகளே, ஊரில் பக்கத்து வீட்டார் ஒருவருடைய எண்ணை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.