ஒரே தவறான விடை, இரண்டு வேறு காரணங்கள்: பயிற்சித் தாள் தயாரிப்பவர்களுக்கு

ஏற்காட்டில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். கழித்தல் தாள் திருத்தும்போது 52 – 27 = 35 என்ற விடை அடிக்கடி வரும். சரியான விடை 25. ஆனால் அந்த 35-க்குப் பின்னால் இரண்டு வேறு தவறுகள் இருக்கலாம். ஒரு பிள்ளை கடன் வாங்குவதே இல்லை. 2-இல் 7 போகாது என்றதும் திருப்பிப் போட்டு 7-இல் 2 போனால் 5 என்கிறது. இன்னொரு பிள்ளை ஒழுங்காகக் கடன் வாங்கி 12-இல் 7 போக 5 என்று எழுதுகிறது, ஆனால் பத்துகள் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் 35-தான். இதே கணக்கில் 27-ஐ 28 ஆக்கிப் பாருங்கள். முதல் பிள்ளை 36 எழுதும், இரண்டாவது 34 எழுதும். யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து, பிள்ளைகள் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்குள்ளும் தவறு வேறு வேறு. ஒரு சொடுக்கில் தாள் தரும் இணையதளங்களுக்கு அது தெரியாது; அவை எண்களைத் தம் போக்கில் எடுத்துப் போடும். எண்களை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்குக் கூகுள் ஷீட்ஸ் போதும். நாம் சொல்லும் இரண்டு எண்களுக்குள் ஏதாவது ஒன்றை எடுத்துத் தரும் ரேண்ட்பிட்வீன் (RANDBETWEEN) என்ற சூத்திரத்தில் ஒவ்வொரு இலக்கத்தையும் தனியாகக் கேளுங்கள். ஒன்றுகள் இடத்தில் மேலே 0 முதல் 2 வரை, கீழே 8 அல்லது 9. பத்துகள் இடத்தில் மேலே 4 முதல் 9 வரை, கீழே 1 அல்லது 2. இப்படி வரும் எல்லாக் கணக்கிலும் கடன் வாங்கியே ஆக வேண்டும். இரண்டு தவறுகளும் ஒரே விடையில் ஒளிந்துகொள்ளவும் முடியாது. ஷீட்டில் எதைத் திருத்தினாலும் எண்கள் மாறிவிடும் என்பதால் கேள்வி, விடை இரண்டையும் ஒரே பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துவிடுங்கள்.

வாக்கியக் கணக்குகளுக்குச் சாட்ஜிபிடி, ஜெமினி உதவும். ஊரைச் சொல்லிக் கேளுங்கள். சேலத்திலிருந்து மலையேறும் பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளில் 12-ஐத் தாண்டிவிட்டது, மீதி எத்தனை என்றால் எங்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாதையைப் பார்ப்பார்கள். டாலரும் மைலும் வரும் கணக்கில் இது நடக்காது. விடைகளை மட்டும் நீங்களே போட்டுப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். தமிழ்த் தாள் என்றால் இன்னும் கவனம் தேவை: ல, ள, ழ பயிற்சியிலேயே எழுத்துப்பிழை இருந்தால் பிள்ளை அதைத்தான் படிக்கும். படமாகத் தாள் செய்யும் சில கருவிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும்.

மலைக் கிராமங்களில் எல்லா வீட்டிலும் சிக்னல் கிடைக்காது. அதனால் லிங்க் அனுப்பாமல் அச்செடுத்தே கொடுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பள்ளிக்கு வராமல் போகும் பிள்ளைக்கும் அந்தத் தாள் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அப்புறம், பிள்ளையின் பெயர், மதிப்பெண், படம் எதையும் இந்தக் கருவிகளில் ஏற்றாதீர்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எந்த இடத்தில் தவறுகிறது என்று சொன்னாலே கருவிக்குப் போதும். பெயரை அச்செடுத்த பிறகு பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.