நின்றபடி ஒரு கிண்ணம் சொபா: ஒரு நிமிடத்துக்குள் எப்படி வருகிறது?

ஜப்பானில் பெரிய ரயில் நிலையங்களுக்கு உள்ளேயோ பக்கத்திலேயோ நாற்காலியே இல்லாத நூடுல்ஸ் கடை ஒன்று அநேகமாக இருக்கும். 'தாச்சிகுய் சொபா' கடை, அதாவது சொபா என்னும் நூடுல்ஸை நின்றபடி சாப்பிடும் கடை. பல கடைகளில் வாசலில் ஒரு மெஷின் நிற்கும். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதைக் கவுன்டரில் வைத்து 'சொபா' என்றோ 'உடோன்' என்றோ சொன்னால் போதும், ஒரு நிமிடம் ஆவதற்குள் ஆவி பறக்கும் கிண்ணம் முன்னால் வந்துவிடும்.

இதில் வேகத்தைவிட எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. சொபா மெல்லிய இழை. பச்சையாகப் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். உடோன் என்னும் தடித்த கோதுமை நூடுல்ஸுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல்கூட ஆகும். ஆனால் இந்தக் கடைகளில் இரண்டும் பெரும்பாலும் ஒரே விலை, கிட்டத்தட்ட ஒரே நேரம்.

நூடுல்ஸ் வேகும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. வெப்பம் உள்ளே போக வேண்டும். தண்ணீரும் உள்ளே போய் மாவுச்சத்துத் துகள்களை உப்பவைத்துக் குழைக்க வேண்டும். வெப்பம் விறுவிறுவென்று பரவும். மாவுக்குள் தண்ணீர் ஊறுவதோ அதைவிட நூறு மடங்குக்கும் மேல் மெதுவானது. அதோடு, இழையின் தடிமன் இரட்டிப்பானால் இரண்டுக்குமே நேரம் நான்கு மடங்காகும். உடோன் தாமதிப்பதற்குக் காரணம் இந்தத் தண்ணீர்தான்.

கடைக்காரர்கள் மெதுவான வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகிறார்கள். நூடுல்ஸை வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு ஆளுக்கு ஒரு கட்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பல கடைகளுக்கு அது தொழிற்சாலையிலிருந்தே வெந்து வருகிறது. சீட்டைக் கண்டதும் ஒரு கட்டை நீளமான வலைக்கரண்டியில் போட்டுக் கொதிநீரில் முக்குவார்கள். இப்போது உள்ளே போக வேண்டியது வெப்பம் மட்டுமே. கணக்குப் போட்டால், 2 மில்லிமீட்டர் இழையின் நடுப்பகுதி மூன்று நான்கு விநாடியில் சூடேறிவிடும்; 4 மில்லிமீட்டர் உடோனுக்கு ஏறக்குறைய 15 விநாடி. கட்டாக ஒட்டிக் கிடக்கும் இழைகளுக்கு நடுவே கொதிநீர் புக வேண்டுமே, அதற்குத்தான் வலையை அப்படி உலுக்குகிறார்கள்.

சூப்பே சூடாக இருக்கிறதே, நேராக அதில் போட்டால் என்ன? 20 டிகிரியில் உள்ள 200 கிராம் நூடுல்ஸை 85 டிகிரி சூப் 300 மில்லியில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கலந்து 62 டிகிரி வாக்கில் நிற்கும். குடிக்கலாம், ஆனால் கடைசி வாய்க்குள் ஆறிப்போகும். நூடுல்ஸும் சரியாக இளகாது. வெந்த மாவுச்சத்து ஆறி இருக்கும்போது அதன் மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போவதும் இதனால்தான். கொதிநீரின் சூடு அந்த அடுக்கைக் கலைத்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் கொதிநீராலும் மீட்க முடியாது. அப்போதுதான் வெந்த நூடுல்ஸில் வெளிப்புறம் ஈரம் அதிகம், நடுவில் குறைவு. கடிக்கும்போது கிடைக்கும் அழுத்தம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. வைத்திருக்க வைத்திருக்க ஈரம் சமமாகி, கடி போய்விடும். அதனால் சில கடைகள் பச்சை நூடுல்ஸை அவ்வப்போது சிறிது சிறிதாக வேகவைத்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால், சூப்பை நன்றாக ஏந்திக்கொள்ளும் அந்தத் தொளதொளப்புக்கும் ஒரு ருசி உண்டு.

மேற்கு ஜப்பானின் ஹிமேஜி ரயில் நிலையத்தில் வேறு வழி பிடித்தார்கள். போருக்குப் பிந்தைய மாவுத் தட்டுப்பாட்டில் 1949இல் தொடங்கிய 'எக்கிசொபா'வில், ஜப்பானிய சூப்புக்குள் மஞ்சள் நிறச் சீன நூடுல்ஸ் இருக்கும். அதில் சேரும் காரநீர் (ஆல்கலி கலந்த நீர்) கோதுமையின் குளூட்டன் என்ற பசைப்புரதத்தை இறுக்குவதால் நூடுல்ஸ் சீக்கிரம் தொய்யாது.

சொபாவில் அந்தக் குளூட்டன்தான் சிக்கல். சொபா மாவு தரும் பக்வீட் தானியமே அல்ல; நம் சுக்கான்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. குளூட்டன் இல்லாததால் வெறும் மாவை இழையாக்கினால் எளிதில் உடையும். நல்ல கடைகளில் எட்டுப் பங்குக்கு இரண்டு பங்கு கோதுமை சேர்ப்பது வழக்கம். மலிவான நின்று சாப்பிடும் கடைகளில் கோதுமையே அதிகம் இருப்பதுண்டு. செலவு குறையும் என்பது ஒருபுறம். இத்தனை உலுக்கலைத் தாங்கவும் அந்தக் கோதுமை உதவுகிறது.

சூப்பும் இரண்டு பாதியாகத் தயாராக இருக்கும்: சோயா சாஸும் மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவும் சர்க்கரையும் சேர்ந்த அடர்கலவை ஒன்று, காய்ந்த மீன் சீவலை ஊறவைத்த நீர் இன்னொன்று. சுவைக்குக் காரணம் இவற்றின் கூட்டு. 1908இல் கிகுனே இகேதா 'கொம்பு' என்னும் கடற்பாசியில் குளூட்டமேட் என்ற சுவைப்பொருளைக் கண்டறிந்தார். 1913இல் ஷிந்தாரோ கொதாமா மீன் சீவலில் இனோசினேட் என்ற இன்னொரு சுவைப்பொருளைக் கண்டார். நாக்கில் சுவையை உணரும் ஏற்பியில் குளூட்டமேட் போய் உட்கார்ந்ததும் அது மூடிக்கொள்ளும்; இனோசினேட் பக்கத்தில் ஒட்டி அந்த ஏற்பியைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் இரண்டும் சேர்ந்தால் உமாமி என்னும் ஆழ்ந்த சாறுச்சுவை பல மடங்கு பெருகும். சோயா சாஸில் குளூட்டமேட் தாராளமாக உண்டு என்பதால் தோக்கியோ பக்கத்துக் கறுத்த சூப் கடற்பாசி இல்லாமலே சமாளிக்கும். ஒசாகா பக்கம் போனால் கடற்பாசி முன்னுக்கு வரும், சூப்பின் நிறமும் வெளுக்கும்.

சரி, இவ்வளவு சூடானதை ஐந்தாறு நிமிடத்தில் எப்படித் தின்று முடிக்கிறார்கள்? சத்தத்தோடு உறிஞ்சித்தான். இழையோடு காற்றும் வேகமாக உள்ளே வருவதால், அதன்மேல் உள்ள சூப் படலம் கொஞ்சம் ஆவியாகி ஆறுகிறது. அப்புறம் மூச்சு விடும்போது அந்த மணம் தொண்டை வழியாக மூக்குக்குப் போகிறது. எட்டுப் பேர் நிற்கும் கவுன்டரில் ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் மணிக்கு 80 பேர். உட்காரவைத்து கால்மணி நேரம் ஆனால் 32 பேர்தான்.

சூப்பை மட்டும் அடிவரை குடிக்க வேண்டியதில்லை. கிண்ணத்தின் உப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது; முழுவதும் குடித்தால் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 5 கிராம் வரம்பு அந்த ஒரு வேளையிலேயே நெருங்கிவிடும். மிச்சம் வைத்துவிட்டுப் போனால் கடைக்காரர் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டார்.