இஸ்திரி போட்டால் ஒட்டுமா காகிதம்?

இந்த வாரத்தில் மூன்றாவது ஆள். எடை குறைக்க என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த அம்மா ஒருவர், நாளைக்கு ஆறு கப் கிரீன் டீ குடிப்பதாகப் பெருமையோடு சொன்னார். சரி, எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஃபிளாஸ்க்ல கொதிக்கிற தண்ணிய ஊத்தி மூணு டீ பேக்கையும் போட்டு மூடிடுவேன் மேடம். மத்தியானம் வரைக்கும் வரும்."

"பேக்கை எப்போ எடுப்பீங்க?"

"எதுக்கு எடுக்கணும்? பேப்பர்தானே?"

பேப்பர்தானே, பேப்பர்தானே என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இரண்டு நோட்டுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். நாள் முழுக்கத் தேய்த்தாலும் ஒட்டாது. அப்புறம் தையலும் இல்லாமல், கொதிநீரிலும் பிரியாமல் டீ பேக்கின் ஓரம் எப்படி நிற்கிறது? பல பேக்குகளில் தாள் நாரோடு பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையைக் கலந்து, சூடாக்கி அழுத்தி ஒட்டுகிறார்கள். பளபளவென்று வலை மாதிரி இருக்கும் பிரமிடு பேக்கில் அந்தக் காகிதமும் கிடையாது. அது பெரும்பாலும் நைலான், அல்லது தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பெட் பிளாஸ்டிக். 'சோளத்தில் செய்தது' என்று போட்டிருந்தால் பிஎல்ஏ. அதுவும் பிளாஸ்டிக்தான், உர ஆலையில் 60 டிகிரி அளவு சூட்டில் வைத்தால்தான் ஒழுங்காக மட்கும்.

எங்கள் மாடித் தோட்டத்து உரத்தொட்டியைக் கிளறினால் வாழைப்பழத் தோல் எப்போதோ மண்ணாகியிருக்கும். டீ பேக் மட்டும் கிழிந்த கொசுவலையாக விரலில் சுற்றிக்கொண்டு வரும்.

2019இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நைலான், பெட் பேக்குகளிலிருந்து தேயிலையைக் கொட்டிவிட்டு, வெறும் பையை 95 டிகிரி நீரில் போட்டார்கள். ஒரு பேக்கிலிருந்து 1,160 கோடி மைக்ரோ பிளாஸ்டிக் துகள், அதைவிடப் பொடியான நானோ துகள் 310 கோடி என்று கணக்குச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கை அதிகம் என்று மறுத்தவர்களும் உண்டு. இதனால் இன்ன நோய் வரும் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. பயமுறுத்துவது என் வேலையும் இல்லை. ஆனால் தேயிலையைத் தனியாகப் போட்டு வடிகட்டினால் தீர்கிற விஷயத்துக்கு நாம் ஏன் சோதனை எலியாக வேண்டும்?

தூளோ இலையோ வாங்குங்கள். பேக்தான் வேண்டுமென்றால் மூன்று நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பிழியாதீர்கள், மறுபடி கொதிக்க வைக்காதீர்கள். பேப்பர் கப்பும் இதே கதைதான், உள்ளே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பட்டியலில் அதுவும் இருக்கிறது. கடைக்காரர் நீட்டுகிறார், நாமும் வாங்குகிறோம். பார்சல் டீக்குத் தயவுசெய்து தூக்கு எடுத்துப் போங்கள். (சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. அதற்குத் தனியாகத் திட்டு உண்டு.)

இத்தனையும் சொல்லி முடித்துவிட்டு, வீட்டில் வடிகட்டி இருக்கிறதா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"இருக்கு மேடம். பச்சைக் கலர் பிளாஸ்டிக்."